முதுகில் ஒரு வெள்ளைக் கை

பெட்டியைத் தணிகாசலமே தன் கையால் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். பூவரசிக்கு அது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தப் பெட்டியைத் திருடுவதாகவும், பூட்டை உடைப்பதாகவும், நீதிபதி முன் நின்று கேட்டு வாங்குவதாகவும் அவள் பல வருடங்களாகக் கனவு கண்டிருந்தாள். கடைசியில் எதிராளியே ஆயுதத்தைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"எல்லாம் பழைய டியூப்புங்கம்மா. பாசிட்டிவ் வந்தத மட்டும் எடுத்து வெக்கணும்னு ரூலு. குளிர்பெட்டில எடத்த அடச்சிகினு கெடந்துது. உங்க ஆராய்ச்சிக்கு ஆவும்னா வெச்சுக்குங்க."

அவர் இப்போது மண்டல விளையாட்டு ஊக்கமருந்துச் சோதனைக் குழுவின் தலைவர். தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. தண்ணீர் கொடுத்தவளை அவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடியும் வெள்ளைக் கோட்டும் ஒரு பெண்ணை இவ்வளவு மறைக்குமா என்று பூவரசி நினைத்துக்கொண்டாள்.

"உங்க பேரு இன்னாம்மா சொன்னீங்க?"

"அரசி, சார்."

"நல்லா பண்ணுங்க. ஆளு பொய் சொல்லும், அழுவும், கால்ல வுழும். பொடி பொய் சொல்லாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அதைக் கேட்டபோது அவள் பதினெட்டு வயதுப் பெண். காலில் விழுந்திருந்தாள்.

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனதும் அவள் பெட்டியைத் திறந்து, தேடி, ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அடியில் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி. மேசைமேல் கிடந்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். பொடி விழித்துக்கொண்டது; முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி சிலிர்த்து எழுந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"அதுவா?" என்றான் இம்தியாஸ். ஆம்பூர்க்காரன். அவளோடு அதே ஆய்வகத்தில் அதே கருவியைக் கட்டியவன். அவள் கதை தெரிந்த இரண்டே பேரில் ஒருவன்.

"அதுதான்."

"நம்ம மெஷின் அறிமுக விழா மேடையில இத எப்படி விளக்கப் போற? காந்தத் துகள், கரிப்பூச்சு, நுண்துளை உறைன்னு ஆரம்பிச்சா முன் வரிசையே கொட்டாவி விடும்."

"டவுன் பஸ்ஸ வெச்சு சொல்லுவேன்."

"சொல்லு, கேப்போம். நான்தான் எம்.எல்.ஏ."

அவள் குழாயை உயர்த்திப் பிடித்தாள். "ஐயா, இந்தப் பொடியில ஒவ்வொரு துகளும் ஒரு பஸ்ஸு. நடுவுல இருக்கறது இரும்பு எஞ்சின். அதனாலதான் காந்தம் இழுத்தா வருது. சுத்தி தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு உறை. அதெல்லாம் சீட்டு. ஒருத்தர் மூத்திரத்துல இந்தப் பொடியக் கலக்கினா, அதுல இருக்கற மாத்திரைச் சத்து ஓடிவந்து சீட்டுல உக்காந்துக்கும். காந்தத்த வெச்சுப் பொடிய மட்டும் தனியா இழுத்து, ஒரு தகட்டுல பூசி, கரண்ட்டு குடுத்தா, ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு வோல்ட்டுல சத்தம் போடும். திரையில ஒரு மேடு எழும்பும். இன்ன மாத்திரைன்னு சொல்லிடலாம்."

"இதான் ஊர் பூரா இருக்கே. போலீஸ் ஸ்டேஷன்ல, ஹாஸ்டல்ல, எங்க பார்த்தாலும் இந்தப் பொடிதானே. நீ இன்னா புதுசா கிழிச்ச?"

"பழைய மெஷினு பஸ்ஸுல யாரு இருக்காங்கன்னு மட்டும் சொல்லும். எங்க மெஷினு யாரு எப்ப ஏறினாங்கன்னு சொல்லும். மொதல்ல ஏறினவன் உள்ள போய் ஜன்னலோரம் உக்காந்துடுவான். கடைசியா ஏறினவன் படியில தொங்குவான். வோல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, படியில இருந்து ஒவ்வொருத்தனா இறக்கிகினே உள்ள போவோம்."

"பரவாயில்ல, எம்.எல்.ஏ. முழிச்சுகினுதான் இருக்காரு." இம்தியாஸ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஆனா இறக்கிவிட்டவன மறுபடி ஏத்த முடியாது, பூவரசி. ஒரு குழாய்க்கு ஒரு வாட்டிதான். இங்கயே பண்ணிப் பாத்துடு. முடிவ எடுத்துகினு போய் அந்தாளு மேசையில வை."

"மேடையில பண்ணுவேன்."

"தப்பா வந்துட்டா?"

"நான் எதையும் முழுங்கல. எனக்குத் தெரியும்."

"உனக்கு நியாயம் வேணுமா, அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமா?"

"மூஞ்சிதான்."

அவன் கருவியின் மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "இது வெளிய போச்சுன்னா நாட்டுல இருக்கற பழைய குழாயெல்லாம் வாயத் தொறக்கும். உன்ன மாதிரி நாலு பேரு தலை நிமிரலாம். வேற ஒரு நாப்பது பேரு, அன்னிக்கி மாட்டாம தப்பிச்சவங்க, கல்யாணம் ஆயி, புள்ள குட்டியோட எல்லாத்தையும் மறந்து தூங்கிகினு இருப்பாங்க. அவங்கள இன்னா பண்றது?"

"தூங்கட்டும். நான் தூங்கலையே."

*

அவள் வேதியியலை விரும்பிப் படித்தவள் இல்லை. கத்தியைச் சாணை பிடிக்கிறவன் கத்தியை விரும்பிப் பிடிப்பதில்லை அல்லவா, அப்படித்தான் படித்தாள்.

வேலூரில் அவள் அப்பா பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். பட்டறையில் மிஞ்சிய குழாய்களை ஒட்டவைத்து, மகளுக்கு ஒரு பளுதூக்கும் தாங்கி செய்து வீட்டு வாசலில் நட்டுவைத்தார். அதற்குப் பேருந்தின் பச்சைச் சாயத்தையே பூசினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க பொண்ணு ஏறுற பஸ்ஸு" என்பார்.

பூவரசியும் ஜெசிந்தாவும் ஒரே கூடத்தில், ஒரே எடைப் பிரிவில் பயிற்சி எடுத்தவர்கள். தேசியப் போட்டிக்கு அந்தப் பிரிவில் ஒருத்திதான் போக முடியும். போனவளுக்கு ரயில்வேயில் வேலை நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். அது அவர்கள் நட்பைக் கெடுக்கவில்லை. தேர்வுப் போட்டியன்று காலையில் ஜெசிந்தா அரைக் கிலோ கூடுதலாக இருந்தாள். அவள் உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கூடவே மைதானத்தைச் சுற்றி ஓடியதும், எச்சில் துப்பித் துப்பி எடையைக் குறைக்க வைத்ததும் பூவரசிதான். எடை இறங்கவில்லை. ஜெசிந்தா "தலை சுத்துதுடி" என்று தன் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். அதன்பிறகு அடிக்கடி அங்கேயே போய்வந்தாள். கடைசி நேரத்தில் தராசில் ஏறியபோது முள் சரியாக நின்றது. பூவரசி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அவர்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி கடைசி எடையைத் தூக்கப் போகும்போது, அவளுக்குப் போட்டியாக நிற்பவளே, பிடி வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடியில் கையை முக்கி, அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து "போ" என்று சொல்ல வேண்டும். தூக்கி முடித்த பிறகு அந்தக் கைத்தடத்தைத் துடைத்துவிடுவதும் அவள்தான். பளு தூக்கித் தோள் பருத்தவர்களுக்கு நடுமுதுகுக்குக் கை எட்டாது.

அன்று பூவரசி முதலில் வந்தாள். ஜெசிந்தா இரண்டாவது. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு பேர் சோதனை அறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அப்போது தணிகாசலம் சாதாரண அலுவலர். மாவட்டத்துக்கே ஒரு பெட்டிப் பொடிதான் கொடுத்திருந்தார்கள். ஒருவர் சோதனை முடிந்ததும் குழாயின் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்துப் பொடியை நிறுத்தி, நீரை ஊற்றிக் கொட்டி, ஒரு அலசு அலசி, அதே பொடியை அடுத்தவருக்கு எடுத்தார். டீக்கடையில் டம்ளர் கழுவுவது போல இருந்தது. பூவரசி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இப்படித்தான் செய்வார்கள் போலும் என்று நினைத்தாள். அவள் முறை வந்தபோது பிரியாணி வந்துவிட்டது. அவளுடைய சாம்பிளில் பொடியைக் கலந்துவைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். முன்னால் போனவர்களின் சாம்பிளில் அவசர அவசரமாக முங்கி எழுந்த பொடி, அவளுடையதில் மட்டும் நிதானமாக ஊறியது. மாத்திரைச் சத்து உள்ளே போய் உட்கார நேரம் கிடைத்தால்தான் மேடு எழும்பும் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் ஒரு மேடு இருந்தது. கால் வீக்கத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கிற நீர் மாத்திரை. உடம்பிலிருக்கும் தண்ணீரை வடித்து எடையைக் குறைக்கும். அதனால் விளையாட்டில் தடை.

நான்கு வருடத் தடை. செய்தித்தாளில் படம். அப்பா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து கேஸ் கட்டரைக் கொண்டுவந்து, வாசலில் நின்ற பச்சைத் தாங்கியைத் துண்டு துண்டாக அறுத்தார். நெருப்புப் பொறி பறக்கப் பறக்க அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை அவர் நம்பினாரா இல்லையா என்பது அவர் சாகும்வரை தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, இல்லையென்று அவர் சொல்லிவிட்டால்?

அந்தக் கேள்விக்குத்தான் தணிகாசலம் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

*

கதை தெரிந்த இன்னொரு ஆள் ஜெசிந்தா. பூவரசியின் இடத்தில் தேசியப் போட்டிக்குப் போனவள், பதக்கம் வாங்கியவள், ரயில்வேயில் சேர்ந்தவள், இப்போது மாநிலப் பயிற்சியாளர். ஊரே ஒதுங்கிப்போனபோது ஒதுங்காதவளும் அவள்தான். பூவரசியைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கல்லூரியில் சேர்த்தாள். அப்பா செத்த வீட்டில் சோறு பிசைந்து ஊட்டினாள். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் புதுப் புடவை எடுத்துக்கொண்டு வருவாள்.

குழாய் கிடைத்த சேதியை அவளிடம் சொல்லத்தான் மறுநாள் மாலை பூவரசி ஓடினாள். சத்துவாச்சாரியில் ஜெசிந்தாவின் கூடம். இரும்பு விழும் சத்தம், வியர்வை நெடி, காற்றில் மிதக்கும் வெள்ளைப் பொடி. ஜெசிந்தா ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாடி டாக்டரம்மா. இன்னா மூஞ்சி இப்படி மின்னுது? மாப்பிள்ள கெடச்சானா?"

"அதவிட நல்லது. என் டியூப்பு கெடச்சிடுச்சு."

"இன்னா டியூப்பு?"

"அன்னிக்கி டெஸ்ட் பண்ண பொடி, ஜெசி. அந்தாளே கொண்டாந்து குடுத்தான்."

பட்டை சுற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி சுற்றியது. "அத வெச்சு இன்னா பண்ணுவ? காஞ்சு போயிருக்கும்."

"காஞ்சா இன்னா? எல்லாம் அப்படியே உள்ள இருக்கும். எனக்கு முன்னாடி அந்தப் பொடி யாருகிட்ட போச்சோ அவங்க உக்காந்த சீட்டு வரைக்கும் தெரியும்."

"பேரே வந்துடுமா?"

"பேரு வராது. ஒவ்வொரு உடம்பும் அதோட உப்பு, புரதம்னு ஒரு பூச்சு போட்டுட்டுப் போவும். கைரேகை மாதிரி. அந்த ஆளு நேர்ல வந்து ஒரு சாம்பிள் குடுத்தா, இவங்களா இல்லையான்னு சொல்லிடலாம்."

பட்டை சுற்றக் கையை நீட்டியிருந்த பெண் தலையைத் தூக்கினாள். "மிஸ், போன மாசம் சாப்டது கூடத் தெரியுமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"போய் தூக்குடி. வாய் பேசுற நேரத்துல ரெண்டு செட்டு போட்டிருக்கலாம்." ஜெசிந்தாவின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. அந்தப் பெண் நகர்ந்ததும், தரையில் உருண்டுகொண்டிருந்த ஒரு இரும்புத் தட்டைக் குனிந்து எடுத்தபடி, சாதாரணமாகச் சொன்னாள். "அன்னிக்கி உனக்கு முன்னாடி அந்த ஆரணிப் பொண்ணுதானே நின்னா? ஒல்லியா இருப்பாளே. நான் உனக்குப் பின்னாடி நின்னேன்."

பூவரசி "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தாள். உண்மையில் அவள் அதை யோசித்ததே இல்லை. தனக்கு முன்னால் யாரோ ஒருத்தி, அவ்வளவுதான். வெறுப்பு முழுவதையும் தணிகாசலத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டதால், அந்த யாரோ ஒருத்திக்கு முகமே இல்லாமல் போயிருந்தது. முகம் இப்போதும் வரவில்லை. முதுகு வந்தது.

நீலச் சட்டை போட்ட முதுகு. நடுவில் ஐந்து விரலும் விரிந்த ஒரு வெள்ளைக் கைத்தடம். சோதனை முடிந்து வெளியே போனதும் துடைத்துவிட வேண்டும் என்று நினைத்தபடி, தன் கையின் தடத்தையே பார்த்துக்கொண்டு அவள் அந்த வரிசையில் நின்றிருந்தாள்.

துடைக்கவே இல்லை. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

ஜெசிந்தாவின் அம்மாவுக்குக் கால் வீங்கும். அவர்கள் வீட்டு அலமாரியில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் எப்போதும் மாத்திரை அட்டைகள் கிடக்கும். தலை சுற்றுகிறது என்று குளியலறைக்குள் போன ஜெசிந்தா, பையை எதற்கு எடுத்துப் போனாள்?

"ஆமாண்டி," என்றாள் பூவரசி. "ஆரணிப் பொண்ணுதான். நீ எனக்குப் பின்னாடிதான் நின்ன."

ஜெசிந்தா மூச்சு விட்டாள். இரும்பை இறக்கிவைத்த பிறகு விடுகிற மூச்சு அது. பூவரசிக்கு அந்த மூச்சு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை.

"விழாவுக்கு நீ வரணும், ஜெசி. உன் பொண்ணுங்களயும் கூட்டிகினு வா. மேடைக்குக் கீழ கொஞ்சம் தூக்கிக் காட்டட்டும், கூட்டத்துக்கு ஜாலியா இருக்கும். உனக்கு முன் வரிசையில சீட்டு போடச் சொல்றேன்."

"நான் எதுக்குடி..."

"நீ இல்லாம எப்படி? இத்தன வருசம் என்னத் தூக்கி நிறுத்தினது யாரு?"

திரும்பும் பேருந்தில் அவள் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். புடவைகள், கல்லூரி, அப்பா செத்த வீட்டில் ஊட்டிய சோறு. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அந்தச் சோற்றை அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருந்தாள். அன்றைக்கு அப்பாவின் உடல் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தது. ஒரு வாய்ச் சொல் போதும். அவர் காதில் விழும்படி, அவர் உயிரோடிருந்தபோது, ஒரு வாய்ச் சொல். அதற்குப் பதிலாக ஒருத்தி சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தணிகாசலத்தை அவள் வெறுத்தது உடம்பில் ஒரு காய்ச்சல் மாதிரி இருந்தது. இது அப்படி இல்லை. இது குளிர்ந்திருந்தது. அவசரமே படவில்லை.

*

உள்விளையாட்டரங்கில் காலையிலேயே கூட்டம். பெற்றோர்கள், பயிற்சியாளர்கள், நிருபர்கள். தணிகாசலம் மாலையோடு மேடையில் இருந்தார். ஜெசிந்தாவின் பெண்கள் கீழே எடை தூக்கிக் காட்ட, கைதட்டல் கூரையில் மோதியது. முன் வரிசையில் ஜெசிந்தா, மாநில முத்திரை பதித்த கருநீலக் கோட்டில், தன் பெண்களைப் பார்த்துப் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். இம்தியாஸ் கருவியின் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பூவரசி டவுன் பஸ் கதையைச் சொன்னாள். ஜனங்கள் சிரித்தார்கள். தணிகாசலமும் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஒரு பழைய டியூப்ப எடுத்துப் பாப்போமா? சார், நீங்களே பேரப் படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயில் ஒட்டியிருந்த துண்டைப் படித்தார். "பூவரசி. பெண்கள். நாப்பத்தொம்பது கிலோ."

"நான்தான் சார் அது."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, தோளைப் பார்த்தார். அவர் வாய் லேசாகத் திறந்தது.

இம்தியாஸ் பொடியைத் தகட்டில் பூசி, கருவியை முடுக்கினான். பெரிய திரையில் ஒரு கோடு நகர்ந்தது. "இது படிக்கட்டு," என்றாள் பூவரசி ஒலிவாங்கியில். "கடைசியா ஏறினவங்க. காலையில நான் குடுத்த சாம்பிளோட பூச்சு பக்கத்துல இருக்கு. ரெண்டும் பொருந்துது, பாருங்க. இது நான். இதுல மாத்திரை இருக்கா?"

கோடு தட்டையாக, குளத்துத் தண்ணீர் மாதிரி போனது. அரங்கில் யாரோ ஒருவர் கைதட்டி, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப உள்ள போறோம்."

இரண்டாவது பூச்சு தெரிந்தது. வேறு வடிவம். வேறு உடம்பு. அதன் நடுவில், அதே இடத்தில், அதே உயரத்தில் அந்த மேடு எழும்பியது. அவளுடைய பதினெட்டாவது வயதில் பார்த்த அதே மேடு.

"ஒரு பொடிக்கு ஒரு ஆளுதான்னு ரூலு இருக்குல்ல, சார்?"

"டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரே பொட்டிம்மா..." தணிகாசலம் மாலையைக் கழுத்திலிருந்து எடுக்க முயன்றார், அது கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. "எல்லா ஊர்லயும் அப்டித்தான் பண்ணாங்க. நான் மட்டுமா? கழுவிட்டுத்தான் போட்டேன். நல்லா கழுவினேன்."

"டம்ளர் கழுவுற மாதிரி."

"இல்லம்மா, நான் வேணும்னு..."

"பொடி பொய் சொல்லாது, சார்."

அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை வருடம் படித்தாள். பார்த்தாள். பயந்துபோன ஒரு கிழவரின் முகம்; மாலையிலிருந்து ஒரு சாமந்தி உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. கழுவிய கை இவருடையது. ஒரு ஏழை மாவட்டத்தின் சோம்பேறிக் கை. வாயை மூடிக்கொண்டது வேறொருத்தி.

அரங்கு இரைந்தது. நடுவரிசையில் ஒரு அம்மா எழுந்து, "எங்க பையன் டியூப்பும் இருக்குதா, மேடம்?" என்று கத்தினாள். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்கள். இம்தியாஸ் அவர்கள் போவதையே பார்த்தான்.

ஒரு நிருபர் மேடையோரம் வந்தார். "அந்த ரெண்டாவது ஆளு யாரு, மேடம்? உங்களுக்கு முன்னாடி நின்னது யாரு?"

ஜெசிந்தா அசையவில்லை. அவள் பூவரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இன்னும் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது: ஆரணிப் பொண்ணு என்று இவள் சொல்லிவிடுவாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் பூவரசி. "அவங்களுக்கும் தெரியும். அவங்க பூச்சு இந்த மெஷின்ல பத்திரமா இருக்கு, எங்கயும் போவாது. எப்ப வேணா வந்து ஒரு சாம்பிள் குடுக்கலாம். நான் கூப்பிட மாட்டேன். அவங்களா வரட்டும்."

"எவ்ளோ நாள் காத்திருப்பீங்க?"

"எனக்குப் பழக்கம்தான்."

அவள் ஒலிவாங்கியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். எடை தூக்கிய இடத்தில் வெள்ளைப் பொடிப் பெட்டி திறந்திருந்தது. போகிற போக்கில் வலது கையை அதில் மணிக்கட்டுவரை முக்கினாள். கூடத்துப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். அது அவர்களுக்கும் தெரிந்த வழக்கம். ஒருத்தி "ஏய், மிஸ்ஸுக்குடி!" என்றாள். கைதட்ட ஆரம்பித்தார்கள்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், திரும்பி முதுகைக் காட்டினாள்.

பூவரசி ஓங்கி அறைந்தாள். கருநீலக் கோட்டின் நடுவில் ஐந்து விரலும் விரிந்து பதிந்தன.

"போ," என்றாள்.

பெண்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். புகைப்படக்காரர்கள் படம் எடுத்தார்கள். பழைய தோழிகள், உருக்கமான காட்சி. ஜெசிந்தா நாற்காலிகளுக்கு நடுவே கதவை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். வலது கையைப் பின்னால் வளைத்தாள். எட்டவில்லை. இடது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முயன்றாள். அதுவும் எட்டவில்லை. அவள் திரும்பி, அரங்கின் இந்தக் கோடியில் நின்ற பூவரசியைப் பார்த்தாள்.

பூவரசி வெள்ளைக் கையைத் தொங்கவிட்டபடி, நின்ற இடத்திலேயே நின்றாள்.